மூன்றாம் எண் துப்பாக்கியின் குழல்

நாள் முழுக்க இரும்பு கடையும் லேத்துக்கு முன்னால் நிற்கிறவனுக்கு முதலில் வலிப்பது கால் அல்ல, இடுப்பு. அதிலும் வலது பக்கம். கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி உடம்பு அந்தப் பக்கமே சாய்ந்து பழகிவிடுகிறது. இருபத்திரண்டு வருஷம் ஒரே பட்டறையில் நின்ற நூலுக்கு நடக்கும்போதும் வலப்பக்கம் லேசான சாய்மானம் உண்டு. நூல் என்பது பட்டப்பெயர். இவன் வேலையில் ஒரு நூல் பிசகாது என்று முதலாளி ஒருமுறை யாரிடமோ சொல்லப்போக, அதுவே ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறை விடுமுறை. முதலாளியிடம் சாவி கேட்டு வாங்கிக் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். பத்து மணிக்குள் தகரக் கூரை காய்ந்து, தலைக்கு மேல் அடுப்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. லேத்தில் சுற்றிக்கொண்டிருந்தது ஓர் ஏர் ரைஃபிளின் குழல். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம். உள்ளே பென்சில்கூட நுழையாத துளை. துளையின் சுவரில் சுருளாக ஓடும் மெல்லிய வரிகள். காற்று தள்ளிவிடும் ஈய ரவை அந்த வரிகளைப் பிடித்துச் சுழன்றபடி வெளியே போகும்.

தங்கை எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். டீ கொண்டுவந்த தூக்கு அவள் காலடியில் ஆறிக்கொண்டிருந்தது.

"எவ்வளவுண்ணே குறையும்?"

"கால் கிலோவுக்கு மேல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானாவா? நுனியில கால் கிலோன்னா என்னன்னு உன் தோளைக் கேளு, அது சொல்லும்."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. தோள் என்ற சொல்லை வீட்டில்கூட அவர் வாயால் எடுப்பதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே கூரைக்குக் கீழே, இதே சங்கிலிக் கப்பியில், ஒரு பல்சக்கரத்தைக் கயிற்றில் கட்டித் தூக்கினார். புதுக் கயிறு அலமாரியில் இருந்தது. சாவி முதலாளி வீட்டில் இருந்தது. பழைய கயிறு கையில் இருந்தது. தங்கை அப்போது இங்கேதான் பிசிறு தேய்க்கும் வேலை பார்த்தாள். கயிறு பிய்ந்தபோது அவள் விலகிவிட்டாள், இடது தோள் விலகவில்லை. எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. குடத்தை இடுப்பில் வைப்பாள், தலைக்கு மேல் ஏற்ற மாட்டாள். தலைவாரக் கையைத் தூக்கினால் பாதியில் பல்லைக் கடிப்பாள்.

அதன்பின் அவள் ஊரின் பெரிய ஆலைக்குக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்த வேலைக்குப் போனாள். அங்கே தொழிலாளர்களுக்காகத் துப்பாக்கி சுடும் கொட்டகை ஒன்று இருந்தது. இலக்கு அட்டைகளுக்குப் பின்னால் கொட்டிக் கிடக்கும் ஈயத்தை அள்ளுவது அவள் வேலை. அள்ளி அள்ளிப் பார்த்தவள், ஒருநாள் ஆளில்லாத மதியத்தில், கொட்டகையின் சாமான் அறைக்காரரிடம், "சார், ஒண்ணே ஒண்ணு" என்று கேட்டு வாங்கிச் சுட்டாள். அது நடுவில் போய் உட்கார்ந்தது. மூன்று வருஷமாகச் சுடுகிறாள்.

ஆலையின் துப்பாக்கி சுடும் அணியில் இடம் கிடைத்தால் ஒப்பந்த வேலை நிரந்தரமாகும். அதற்கு அறுபது ரவை சுட வேண்டும். ஒரு ரவைக்கு அதிகபட்சம் பத்து. மொத்தம் ஐநூற்று எழுபது எடுத்தாக வேண்டும். தேர்வு வருஷத்துக்கு ஒருமுறை, வயது வரம்பு முப்பது. அடுத்த மாதம் அவளுக்கு முப்பது முடிகிறது. அடுத்த ஞாயிறு தேர்வு.

நாற்பது ரவை வரைக்கும் அவள் ஐநூற்று எண்பதுக்காரிபோலத்தான் சுடுவாள். அதற்குப் பிறகு துப்பாக்கியின் மூக்கைத் தாங்கும் இடது தோள் நடுங்க ஆரம்பிக்கும். ரவைகள் இடப்பக்கம் கீழே கீழே இறங்கும். ஐநூற்று அறுபத்தைந்தைத் தாண்டியதே இல்லை. ஐந்து எண். அந்த ஐந்து எண்ணுக்காகத்தான் நூல் குழலைக் கடைந்துகொண்டிருந்தார்.

திட்டம் எளிது. பின்னால் துப்பாக்கியில் மாட்டும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு, மீதி இரும்பை வெளிப்புறத்தில் பாதிக்கு மேல் எடுத்துவிடுவது. மேலே மெல்லிய அலுமினியக் குழாயைச் சட்டைபோல மாட்டிவிடுவது. பார்க்கப் பழைய பருமன், தூக்கினால் பஞ்சு. இப்படிச் செய்வதற்கென்றே தனியாகக் குழல் செய்து கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அது வந்துசேர மூன்று மாதம் ஆகும்.

"பூட்டு என்ன சொன்னாரு கொடுக்கும்போது?" என்று கேட்டார். சாமான் அறைக்காரருக்கு அந்தப் பெயர். இடுப்பில் பதினெட்டுச் சாவி. தண்ணீர்க் குவளைக்கும் பூட்டுப் போடுகிறவர்.

"வெளிய தெரிய வேணாம்னாரு. செவ்வாய்க்கிழமை காலைல துப்பாக்கி முழுசா இருக்கணும்னாரு. நாலு ரவை குடுங்க சார், அண்ணன் போட்டுப் பாக்கணும்னேன். ரவையெல்லாம் வெளிய தர முடியாதுன்னுட்டாரு."

"பேரலையே தூக்கிக் குடுத்தவரு, ரவை தர மாட்டாராமா?"

"பேரலுக்கு எண்ணிக்கை கிடையாதாம். ரவைக்கு உண்டாம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மதியம் ஒன்றரைக்கு வேலை முடிந்தது. முடிதிருத்துகிறவன் கத்தரிக்கும் முடிபோலக் கடைசியில் இரும்பு மெல்லிசாக உதிர்ந்தது. மைக்ரோமீட்டர் வைத்து ஏழு இடத்தில் அளந்தார். ஏழிலும் ஒரே அளவு. அலுமினியச் சட்டை உள்ளங்கையால் தள்ளத் தள்ள, மூச்சு விடுகிற சத்தத்தோடு போய் உட்கார்ந்தது. எதிர்க் கடைத் தராசில் நிறுத்தார்கள். அறுநூற்றுப் பத்து கிராம் இருந்தது முந்நூற்று இருபது ஆகியிருந்தது.

"மூணு சோப்புக் கட்டி குறைஞ்சிருக்கு" என்றாள் தங்கை.

அவர் குழலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பார்த்தார். தண்ணீரில் கல் போட்டது மாதிரி வளையம் வளையமாகப் பளபளத்தது. கீறல் இல்லை, வளைவு இல்லை. உள்ளே அவர் கையே வைக்கவில்லையே. சுத்தமான எண்ணெய்த் துணியில் சுற்றி அவள் மடியில் வைத்தார்.

---

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தங்கை வீட்டுக்கு வந்தவிதமே வேறாக இருந்தது. இரண்டு அறை வீடு. முன் அறையில் நூலின் மனைவி, அவளுக்கு அண்ணி, தையல் மெஷினில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு நாற்பது காலர். வாசலிலேயே தங்கை இடது கையை முன்னால் நீட்டிக் காட்டினாள்.

"அண்ணி, பாருங்க. அறுபதும் சுட்டுட்டேன். வலியே இல்ல."

"பார்த்துடி, சுவத்துல இடிச்சுக்காத. எத்தனை எடுத்த?"

"அது... புது எடைக்குக் கை இன்னும் பழகல. ஐநூத்தி நாப்பத்தாறு."

"குறைஞ்சிருக்கே?"

"பழகிடும் அண்ணி. ரெண்டு நாள்."

நூல் கை கழுவிவிட்டு அட்டைகளை வாங்கிப் பார்த்தார். வேலைக்காரனுக்கு எதைப் பார்த்தாலும் அது எப்படி ஆனது என்றுதான் கண் போகும். பழைய அட்டைகள் அவருக்கு மனப்பாடம். முதலில் நடுவில் ஒரே ஓட்டை, பிறகு இடப்பக்கம் கீழே ஒழுகிய மாதிரி ஒரு வால். அது தோள். இந்த அட்டைகளில் வால் இல்லை. முதல் ரவையிலிருந்தே மேலே ஒன்று, வலது பக்கம் ஒன்று, கீழே ஒன்று. தோளுக்கு இப்படி நாலு பக்கமும் ஆடத் தெரியாது.

அட்டைகளைக் கீழே வைத்தார். சோற்றில் கை வைத்துவிட்டு எடுத்தார்.

"என்னங்க, முட்டை உடைச்சு ஊத்தவா?"

"வேணாம். காலைல பாத்துக்கறேன்."

புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆலைக் கொட்டகைக்குப் போனார். தங்கைக்கு அந்த நேரத்தில் கிடங்கில் வேலை. பூட்டு தனியாக உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஒரு ரவை வேணும். சுட இல்ல. இங்கயே திருப்பித் தந்துடறேன்."

பூட்டு முறைத்துவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நூல் தங்கை சுடும் மூன்றாம் எண் துப்பாக்கியிலிருந்து குழலைக் கழற்றி, ரவையைப் பின்பக்கம் வைத்து, கொண்டுவந்திருந்த பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளினார். நாலு விரல் தூரம் இறுக்கமாக நகர்ந்தது. அங்கேதான் அவர் கடையாமல் விட்ட இடம் முடிகிறது. அதைத் தாண்டியதும் கம்பி கையில் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. குழலைச் சாய்த்தார். ரவை தானாகவே உருண்டு வந்து மேஜையில் விழுந்தது.

பூட்டு சோற்றைக் கையில் வைத்தபடி பார்த்தார்.

"என்னய்யா அது?"

"அகண்டுபோச்சு."

"உள்ளயும் கடைஞ்சியா?"

"உள்ள தொடவே இல்ல சார். இது வரியை அழுத்தி அழுத்திப் போட்ட இரும்பு. உள்ளுக்குள்ள இறுக்கம் பிடிச்சு வெச்சிருந்திருக்கு. வெளிய இருந்த இரும்புதான் அதைக் கட்டி நிறுத்தியிருக்கு. நான் கட்டை அவுத்துட்டேன். குழாய்த்துண்டு மாதிரி மெல்லிசு புஷ்ஷு கடைஞ்சா இப்படித்தான் விரியும், எத்தனையோ தடவை பாத்திருக்கேன். இதுவும் ஒரு புஷ்ஷுதான்னு எனக்குத் தோணல சார். பேரல்னு சொன்னதும் பேரலாத்தான் பாத்தேன். வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தேன், பளபளன்னு இருந்துச்சு."

"சரி, திருப்பி இறுக்கு."

"லேத்து எடுக்கத்தான் செய்யும் சார். சேக்கறதுக்கு மெஷின் கிடையாது."

பூட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கிவிட்டது.

"இந்தா பாரு. மூணு துப்பாக்கியும் நல்லா இருக்குன்னு திங்கக்கிழமையே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். அது மேல போயிடுச்சு. மத்த ரெண்டையும் மத்த ரெண்டு பேரு சுடறாங்க, மூணு பேரும் ஒரே நேரம் நிக்கணும், மாத்திக் குடுக்கவும் வழியில்ல. நீ உன் தங்கச்சிகிட்ட சொல்லுவ, அது ஆத்திரத்துல நேரா ஆபீசுக்குப் போவும். துப்பாக்கிய வெளிய குடுத்தவன்னு என்னைத் தூக்குவாங்க. வாங்கிட்டுப் போனவளை விடுவாங்களா? தேர்வு என்ன, பெருக்கற வேலையும் போவும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காத. நான் உன் காலைப் பிடிக்கறேன்னு வெச்சுக்க."

"அவ தன் கையத்தான் குத்தம் சொல்லிக்குவா சார்."

"சொல்லிக்கட்டும். கைக்கு வேலை போவாது."

---

அதற்குப் பிறகு மூன்று நாள். பட்டறைக்குப் போனால் ஆறு வருஷமாகக் கண்ணில் படாத சங்கிலிக் கப்பி கண்ணில் பட்டது. வீட்டுக்கு வந்தால் தங்கை.

அவள் வேலை முடிந்து தினமும் நூறு ரவை சுட்டாள். வீட்டுக்கு வந்து, தண்ணீர் நிரப்பிய பாட்டிலை நீட்டிப் பிடித்துச் சுவரைப் பார்த்து நின்றாள். அண்ணி வெந்நீரில் துணியைப் பிழிந்து தோளில் போட, அதன்மேல் சேலையைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் நின்றாள்.

"வலிக்குதாடி?"

"வலிச்சாத்தான் பரவாயில்லையே அண்ணி. வலியே இல்ல. ஆனாலும் அடங்க மாட்டேங்குது. வலிக்கறப்போ அதுமேல பழி போட்டேன். இப்ப எது மேல போடறது? சனியன் பிடிச்ச கை. இதை வெட்டி எறிஞ்சுட்டு மரக்கட்டைய ஒட்டவெச்சாகூட இதைவிட நல்லாச் சுடும்."

"வாயைக் கழுவு."

"நிஜமாத்தான் சொல்றேன். அண்ணன் எவ்வளவு பாடுபட்டு லேசாக்கிக் குடுத்திருக்கு. அதுக்கும் பிரயோஜனமில்லாம இந்தக் கை..."

நூல் எழுந்து வெளியே போனார். தெருக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். வரவில்லை. மறுபடியும் போனார்.

வெள்ளிக்கிழமை அண்ணி அவரைச் சமையல் மேடைப் பக்கம் நிறுத்திவிட்டாள்.

"மூணு நாளா குழாயடிக்கே குடி போயிட்டீங்க. வாளியும் கொண்டு போறதில்ல. என்ன விஷயம்?"

அவர் சொன்னார். சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அண்ணி கேட்டு முடித்தபிறகும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப அவ கை நல்லாத்தான் இருக்கு?"

"நல்லா இருக்கு."

"இதை நீங்க சொல்லணும்."

"சொன்னா அவளுக்கு வேலை இல்ல. சொல்லாட்டி அவளுக்குக் கை இல்ல. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சுவரா இருக்குடி."

"ரெண்டு சுவத்துக்கு நடுவுல நீங்க மட்டுமா நிக்கறீங்க? அவ நிக்கறா. அவளுக்குச் சுவரு இருக்கறதே தெரியாம முட்டிக்கிட்டு இருக்கா. நாளைக்குள்ள நீங்க சொல்றீங்க. இல்லாட்டி நான் சொல்லுவேன். நான் சொன்னா, நீங்க சொல்லலைங்கறதையும் சேத்துச் சொல்லுவேன்."

சனிக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. பட்டறையில் மின்சாரம் போய், நூல் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். தங்கை முன் அறையில் தரையில் உட்கார்ந்து, துப்பாக்கி சுடும்போது போடும் தடித்த கோட்டை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி மெஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நாளைக்குப் போகலண்ணே" என்றாள் தங்கை. "பூட்டு சார்கிட்ட திங்கக்கிழமை கோட்டைக் குடுத்துடறேன். அத்தனை பேருக்கு முன்னால போய் ஐநூத்தி நாப்பது சுட்டுட்டு வரணுமா? கை வரல. வராதது வராதுதான்."

"கை வருது பாப்பா."

"ஆமா, நீ பாத்த."

"பாத்தேன். பேரல் போச்சு. நான் கடைஞ்சதுல உள்ள அகண்டுடுச்சு. ரவை பிடிக்காம உருளுது. அதைச் சுவத்துல இறுக்கிக் கட்டிவெச்சுச் சுட்டாலும் நாலு பக்கமும்தான் போவும்."

தங்கை மடித்த கோட்டின் மேல் கையை வைத்தபடி இருந்தாள்.

"எப்ப தெரியும்?"

"புதன்கிழமை."

"புதன்." விரல் விட்டு எண்ணினாள். "வியாழன். வெள்ளி. நேத்து நான் பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறப்போ நீ எங்க இருந்த?"

"இங்கதான்."

"இங்கதான் இருந்த. கைய வெட்டி எறியணும்னு சொன்னப்போ?"

"இங்கதான்."

"எப்படிண்ணே கேட்டுக்கிட்டு இருந்த?"

அவர் பூட்டு சொன்னதைச் சொன்னார். வேலை போகும் என்றதைச் சொன்னார்.

"எனக்கு எது போகும், எது போகாதுன்னு நீங்க ரெண்டு ஆம்பளைங்களும் கதவைச் சாத்திக்கிட்டு முடிவு பண்ணீங்க. நல்லது. மூணு நாள் முன்னால சொல்லியிருந்தா நான் அந்த ரெண்டு பேரு கால்ல விழுந்திருப்பேன். மொத ஆளு சுட்டு முடிச்சதும் துப்பாக்கிய என் கையில குடுங்க, நான் கடைசியா தனியா சுடறேன்னு ஆபீசுல எழுதிக் கேட்டிருப்பேன். குடுத்திருப்பாங்களோ இல்லையோ, கேட்டிருப்பேன். எழுதிக் கேக்க வெள்ளிக்கிழமை கடைசி. நேத்து."

நூலுக்கு அது தெரியாது. அப்படி ஒரு வழி இருக்கும் என்றே அவர் யோசிக்கவில்லை. முட்டுச்சுவர் என்று நினைத்த இடத்தில் நேற்று சாயங்காலம் வரைக்கும் ஒரு கதவு இருந்திருக்கிறது.

தங்கை கோட்டை மறுபடியும் பிரித்து உதறினாள்.

"போறேன். இதைக் கொடில போடுங்க அண்ணி, ஈரமா இருக்கு."

"எதுக்குடி? அதான் பேரல்..."

"பேரல்தானே போச்சு? கை இருக்கான்னு நான் பாக்கணும்."

---

ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்திருந்தது. கொட்டகையில் வேடிக்கை பார்ப்பவர்களுக்குப் பின்சுவரோரம் ஒரு பெஞ்சு. நூலும் அண்ணியும் அதில் உட்கார்ந்தார்கள். பூட்டு ஒருமுறை நூலைப் பார்த்தார், பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மூன்று பேர் நின்றார்கள். தங்கை மூன்றாவது. இடது முழங்கையை இடுப்பில் ஊன்றி, மூக்கு லேசான துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தாள். முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்க நூலுக்குத் தோள் மட்டுமே தெரிந்தது. இருபது ரவை. நாற்பது. வழக்கமாக நாற்பதில் அந்தத் தோள் தையல் மெஷின் மாதிரி துடிக்கத் தொடங்கும். அவர் காத்திருந்தார். ஐம்பது. துடிக்கவில்லை. அறுபதாவது ரவைக்கும் அந்தத் தோள் கல்லில் செதுக்கிய மாதிரி இருந்தது. அவர் தன் வாழ்நாளில் கடைந்த எதுவும் அத்தனை அசையாமல் நின்றதில்லை.

எண்ணிக்கையை வாசித்தார்கள். ஐநூற்று எழுபத்திரண்டு. ஐநூற்று எழுபத்தெட்டு. தங்கைக்கு ஐநூற்று ஐம்பத்தொன்று. முதல் இருவருக்கும் கை கொடுத்தார்கள். தங்கையிடம் யாரோ, "கை ஆடிடுச்சாம்மா?" என்று கேட்டார்கள். அவள் "ஆமா சார்" என்றாள்.

நூல் எழுந்துவிட்டார். அதிகாரி மேஜைப் பக்கம் இரண்டடி வைத்தார். தங்கை குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க போற?"

"நான்தான் பேரலைக் கெடுத்தேன்னு சொல்லப் போறேன். தப்பு உன்மேல இல்லன்னு."

"சொல்லு. பூட்டுக்கு வேலை போவும், எனக்குப் பெருக்கறதும் போவும். என் எண்ணிக்கை ஐநூத்தி எழுபது ஆயிடுமா?"

அவர் நின்றார்.

"உக்காருண்ணே. சொல்ல வேண்டிய நாள்ல சொல்லல. இன்னிக்கு நீ சொல்றது உன் நிம்மதிக்கு."

அவள் துப்பாக்கியைத் துடைத்துப் பூட்டிடம் கொடுத்தாள். பூட்டு அதை அலமாரியில் மூன்றாம் எண்ணுக்குக் கீழே வைத்துப் பூட்டினார். சாவியை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

வெளியே ஆலை வாசல்வரை மூவரும் நடந்தார்கள். வேலிக்கு வெளியே டீக்கடை. அண்ணி மூன்று டீயும் மூன்று பன்னும் வாங்கினாள். தங்கை கடைசி ஆறு அட்டைகளைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மடியில் பரப்பினாள். ஓட்டைகள் சிதறிக் கிடந்தன. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சிதறியிருந்தன. விரலால் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். வட்டத்தின் நடுப்புள்ளி அட்டையின் நடுப்புள்ளியில் விழுந்தது. ஆறு அட்டையிலும் அப்படியே. வால் இல்லை.

"பாத்தியா" என்றாள்.

"பாத்தேன்."

"கை நல்லாத்தான் இருக்கு."

"ஆமா பாப்பா."

அவள் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்தாள். இடது கையால் தம்ளரைப் பிடித்திருந்தாள். அது ஆடவில்லை.

"தோளுக்கு நான் உன்னை ஒண்ணும் சொன்னதில்ல. அது கயிறு. நீயா வேணும்னு பண்ணல, நானும் அதை அப்பவே விட்டுட்டேன். பேரலும் போகட்டும், இரும்பு செஞ்ச வேலை, உனக்கும் தெரியல. ஆனா புதன்லேர்ந்து வெள்ளி வரைக்கும் இருக்கு பாரு, அதுல கயிறும் இல்ல, இரும்பும் இல்ல. அது நீ."

நூல் தலையை ஆட்டினார். இடுப்பின் வலப்பக்கம் விண்ணென்று தெறித்தது. பெஞ்சில் கையை ஊன்றிக்கொண்டார்.

"நான் என்ன செய்யணும் சொல்லு."

"என்ன செய்வ? அடுத்த மாசம் எனக்கு முப்பது முடியுது. நாளைக்கு ஆறு மணிக்குப் பெருக்கப் போவணும்." மீதி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள். "நீ எனக்கு ஒரு நிரந்தர வேலை பாக்கிண்ணே. அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்க."